ஊர்ப்பேச்சும் அரசின் செவியும்

மக்கள் அன்றாடம் பேசிக்கொள்ளும் பேச்சுக்கு வரலாறு உண்டா? மன்னரின் போர்களுக்கும் ஆளுநரின் ஆணைகளுக்கும் வரலாறு உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், கரைவலை இழுத்து முடித்தபின் வாடியில் அமர்ந்திருப்போர் அரசாங்கத்தைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கும், உப்பளத் தொழிலாளர் தேநீர்க்கடையில் விலைவாசியைப் பற்றிச் சொல்லும் சொல்லுக்கும், பள்ளிவாசல் முற்றத்திலும் அம்மன் கோயில் வீதியிலும் மாதா கோயில் வாசலிலும் பிறர் மதத்தைப் பற்றிச் சொல்லப்படும் சொல்லுக்கும் வரலாறு எழுத முனைந்தோர் மிகச் சிலரே. அது காற்றோடு போகும் பேச்சு என ஒதுக்கிவிடுவதே வழக்கமாக இருந்து வந்துள்ளது.

இன்று அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் ஒரே ஒரு வாக்கியம், கடைகளையும் பள்ளிவாசல்களையும் தாக்குவதற்குப் போதிய காரணமாகக் காட்டப்பட்டது. அதே மாவட்டத்தில் தமிழ் கற்பித்த இளைஞர் ஒருவரைச் சிறைக்குள் வைப்பதற்கு ஒரு சிறு கவிதை நூல் போதுமானதாயிற்று. முன்னது 2019ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. பின்னது 2020ஆம் ஆண்டில். இவ்விரண்டையும் தனித்தனி விபத்துகளாகக் கொள்வோர் அவற்றின் பொருளை அறியார். சொன்னவர் என்ன சொன்னார் என்பதற்காக அன்றி, அதனைப் படிக்க இயலாதவர் என்ன அஞ்சினார் என்பதற்காகத் தண்டனை விதிக்கப்படும் ஒரு நிலை இந்நாட்டில் எவ்வாறு உருவாயிற்று என்பதே நாம் ஆராய வேண்டிய வினாவாகும்.

இக்கரை எக்காலத்தும் இவ்வாறு இருந்ததில்லை. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இலங்கையில் கரையிறங்கினார். அவர் 'பத்தாலா' என்று குறிக்கும் பட்டினம் புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. அங்கே அவரை வரவேற்றவன் ஆரியச்சக்கரவர்த்தி. வந்தவரின் தாய்மொழி அரபு. வரவேற்றவனோ தமிழ் வேந்தன். இருவரும் உரையாடியது பாரசீகத்தில். மன்னனுக்கு அம்மொழி விளங்கிற்று என்று பயணி வியப்புடன் குறித்துள்ளார். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க விரும்பிய அந்த முஸ்லிம் பயணிக்குப் பல்லக்குக் கொடுத்து, யோகியரையும் பிராமணரையும் வழித்துணையாக அனுப்பி வைத்தான் அம்மன்னன். அம்மலையையே சைவர் சிவனொளிபாதமலை என்றும் பௌத்தர் சிறிபாத என்றும் வணங்குகின்றனர். அந்த மன்னனை நாம் சனநாயகவாதி ஆக்க வேண்டியதில்லை. முத்து வாணிகத்தில் அவனுக்கு இலாபம் இருந்தது. ஆயினும், பிறர் மொழியை அறிந்திருப்பது ஆட்சிக்குரிய தகைமைகளுள் ஒன்று என்பதை அவன் அறிந்திருந்தான். இது சிறிய செய்தி அன்று.

பின்வந்த நூற்றாண்டுகளிலும் பல மொழி பேசும் கரையாகவே இது நிலைத்தது. ஒல்லாந்தரின் கோட்டை இன்றும் நிற்கும் கல்பிட்டியில் 1807ஆம் ஆண்டில் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்து 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலாக 1859ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிரேக்க அறிஞன் புளூட்டாக்கின் பெயரைத் தமிழுடன் இணைத்ததிலேயே அவர் நோக்கம் புலனாகின்றது. தமிழ் அறியாதவருக்குத் தமிழை அறிவிப்பது அந்நோக்கம். சிலாபத்துக்கு அண்மையிலுள்ள முன்னேஸ்வரத்தில் தமிழ்ச் சைவரும் சிங்களப் பௌத்தரும் ஒரே சந்நிதியில் வழிபடுகின்றனர். தலவிலவிலுள்ள புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குச் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒருங்கே செல்கின்றனர். சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரையுள்ள மீனவக் கத்தோலிக்கர் பலருக்குத் தமிழ் வீட்டுமொழியாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் பாடசாலையின் மொழி சிங்களமாகியபோது அவர்தம் பிள்ளைகளின் மொழியும் மாறிற்று. பாட்டியின் மொழி பேரனுக்கு அந்நியமாயிற்று.

இம்மாற்றம் இயல்பாக நிகழ்ந்தது என்று சிலர் கூறுவர். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழி ஆக்கியபோது, அது வேலைவாய்ப்பைப் பற்றிய சட்டமாக மட்டும் இருக்கவில்லை. ஒரு சாரார் மற்றைய சாராரின் மொழியைக் கற்கத் தேவையில்லை என்ற அறிவிப்பும் அதனுள் அடங்கியிருந்தது. மொழியால் நாடு பிளவுபடும் என்று அன்று நாடாளுமன்றத்தில் இடதுசாரித் தலைவர்கள் எச்சரித்தனர். பின்னர் அவர்களுட் சிலரே ஆட்சிக் கூட்டணிக்காக அந்நிலையைக் கைவிட்டமை இடதுசாரி இயக்கத்தின் துயரமான ஏடுகளுள் ஒன்றாகும். 1987ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. ஆனால் முப்பது ஆண்டுகள் அயலவர் மொழியைக் கற்காது வளர்ந்த தலைமுறைகளுக்கு ஒரு திருத்தம் மொழியைக் கற்பித்துவிடுமா?

வதந்தி என்பது புதிய பொறிகளின் குழந்தை என்று எண்ணுவோர் 1915ஆம் ஆண்டை நினைவுகூர்தல் நன்று. அவ்வாண்டு மே மாத இறுதியில் கண்டியில், பள்ளிவாசல் ஒன்றினருகே சென்ற வெசாக் ஊர்வலத்தை ஒட்டி எழுந்த பூசல், சில நாட்களில் வடமேல் மாகாணம் உட்பட ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. அப்பொழுது கைத்தொலைபேசி இல்லை. இரயில் இருந்தது, நிலையந்தோறும் செய்தி ஒன்று பத்தாகப் பெருகிற்று. யுத்தகால விலையேற்றத்தால் நொந்திருந்த ஏழை மக்களின் கோபம், அவர்கள் அன்றாடம் கண்ட சில்லறைக் கடைக்காரரான கரையோர முஸ்லிம்களின் மேல் திருப்பப்பட்டது. பொருளாதாரக் காரணம் மதப்போர்வை போர்த்துக்கொண்ட விதத்தை வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்த்தன விரிவாக விளக்கியுள்ளார்.

பிரித்தானிய அரசு அதற்குக் கண்ட மருந்து யாது? ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தது. விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர். ஹென்றி பெதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7ஆம் திகதி தண்டிக்கப்பட்டு உயிரிழந்தார். பிற்காலத்தில் பிரதமரான டி. எஸ். சேனநாயக்க முதலியோர் சிறையிடப்பட்டனர். 'சிங்கள பௌத்தயா' பத்திரிகை தடுக்கப்பட்டது. சட்டசபையில் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் வாதம் துணிவுடையது. எனினும் கடையும் உயிரும் இழந்த முஸ்லிம்களின் துன்பத்தை அது போதியளவு எண்ணவில்லை என்ற மனக்குறை அச்சமூகத்தில் நெடுங்காலம் நிலைத்தது. அன்று முதல் இன்றுவரை மாறாத முறை ஒன்று உண்டு. மக்களிடையே அச்சம் பரவும்போது, அரசு அச்சத்தின் காரணத்தைத் தேடுவதில்லை, பேசியவனைத் தேடுகின்றது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடையில், கறியில் மாக்கட்டி ஒன்றைக் கண்ட வாடிக்கையாளர், அது மலட்டு மாத்திரை என்று கூச்சலிட்டார். காசாளருக்குச் சிங்களம் நன்கு தெரியாது. கேட்கப்பட்டது என்னவென்று விளங்காமலே, தடுமாறிய சிங்களத்தில், போட்டதாகப் பொருள்படும் ஒரு விடையைக் கூறினார். அந்த ஒரு விடை படமெடுக்கப்பட்டு நாடெங்கும் அனுப்பப்பட்டது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தபோது, கண்டி மாவட்டத்துத் திகனவிலும் தீ மூண்டுவிட்டிருந்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகள் 260க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டன. நீர்கொழும்பு, கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில் இறந்தவர்களின் குருதி உறவினர் சிலாபத்துக் கரையெங்கும் உள்ளனர். அத்துயரம் உண்மையானது, அதனைச் சிறுமைப்படுத்தி எழுதும் எவரும் முற்போக்காளர் ஆகார். அத்துயரத்தின் மூன்றாவது வாரத்தில், சிலாபத்து முஸ்லிம் கடைக்காரர் ஒருவர், முஸ்லிம்களை இழித்து வேறொருவர் முகநூலில் எழுதியிருந்த ஒரு பதிவுக்கு ஆங்கிலத்தில் மறுமொழி எழுதினார். அதிகம் சிரிக்க வேண்டாம், ஒரு நாள் அழ நேரும் என்பது அம்மறுமொழியின் பொருள். ஏளனம் செய்வோரை நோக்கி நம் ஊர்க் கிழவிகள் நாள்தோறும் கூறும் சொல் இது. இலக்கணம் தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அச்சொல், இன்னொரு தாக்குதல் பற்றிய முன்னறிவிப்பாகப் படிக்கப்பட்டது. மே 12ஆம் திகதி அவர் கடையும் பள்ளிவாசல் ஒன்றும் கல்லெறிக்கு ஆளாயின. கடைக்காரர் கைதானார். மறுநாள் குளியாப்பிட்டி, ஹெட்டிபொல, மினுவாங்கொடை என வன்முறை பரவிற்று; நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் தச்சுத் தொழிலாளி ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் முகநூலில் எதையும் எழுதியவர் அல்லர்.

தமிழ் மாணவர் இவ்விடத்தில் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். நகையும் அழுகையும் மெய்ப்பாடுகளின் வரிசையில் முதலிரண்டாக வைக்கப்பட்டவை. அவை யாருடைய நகை, யாரை நோக்கியது, எக்களத்தில் எழுந்தது என்று அறியாமல் பொருள்கொள்ள முடியாது என்பதையே நாம் வகுப்பறையில் கற்பிக்கின்றோம். களத்தை வெட்டி நீக்கிவிட்டுச் சொல்லை மட்டும் படமாக்கி அனுப்புவது புதிய பொறியின் இயல்பு. ஒருவருக்கு ஒருவர் கூறும் விடை, நொடிப்பொழுதில் இலட்சம் பேர் முன் வைக்கப்படும் பிரகடனமாகிவிடுகின்றது. அந்தரங்கம் என்று நாம் கூறுவது வீட்டுக் கதவை மட்டும் குறிப்பதன்று. ஒரு சொல் யாருக்குச் சொல்லப்பட்டதோ அவரிடமே நிற்கும் உரிமையையும் குறிக்கும். அவ்வுரிமை இன்று எவருடைய கையில் இருக்கின்றது? கோபத்தின் வேகத்தை விளம்பரக் காசாக மாற்றும் கம்பெனியின் கையில். சிங்களத்திலும் தமிழிலும் என்ன எழுதப்படுகின்றது என்பதைப் படித்தறியப் போதிய ஆட்களை வைக்காமலே இந்நாட்டில் வியாபாரம் நடத்திய அந்நிறுவனம், 2018ஆம் ஆண்டு வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக 2020ஆம் ஆண்டு மே மாதம் மன்னிப்புக் கோரிற்று. எரிந்த கடைகள் அம்மன்னிப்பினால் எழுந்துவிடவில்லை.

அதே மே மாதத்தில், 16ஆம் திகதி, அஹ்னாப் ஜஸீம் என்ற இளங்கவிஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். மன்னார், சிலாவத்துறையைச் சேர்ந்த அவர் புத்தளம் பகுதியில் ஒரு தனியார் பாடசாலையில் தமிழாசிரியர். 2017ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டிருந்த 'நவரசம்' என்னும் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் போதிக்கின்றது என்பது குற்றச்சாட்டு. நூலின் பெயரே நாடக மரபிலிருந்து வந்தது. ஒன்பது சுவைகளுள் வெகுளியும் அச்சமும் இடம்பெறாமல் இருக்க முடியுமா? போரையும் வன்முறையையும் கண்டிக்கும் கவிதைகளே அதில் உள்ளன என்று பேராசிரியர் எம். ஏ. நுஃமான் முதலியோர் எடுத்துரைத்தனர். ஆயினும் தமிழ் படிக்கத் தெரிந்தோரின் வாசிப்பு வெளியே நின்றது. தெரியாதோரின் ஐயம் உள்ளே இருந்து ஆட்சி செய்தது. 19 மாதங்களின் பின், 2021 டிசம்பரில், புத்தளம் மேல் நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கிற்று. 2023 டிசம்பரில் அதே மன்றம் அவரை விடுதலை செய்தது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் பாரசீகத்தில் பேசிய பயணியை விளங்கிக்கொண்ட கரை, தன் சொந்த மொழியாகிய தமிழில் எழுதிய ஆசிரியரை விளங்கிக்கொள்ள மூன்றரை ஆண்டு எடுத்தது.

இது முஸ்லிம்களின் துன்பம் மட்டுமே என்று கருதுவாரும் உளர். 2019 ஏப்ரல் முதலாம் திகதி சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காகக் கைதானார். அவர் மீது பாய்ந்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இந்நாட்டில் நிலைநாட்டுவதற்கென இயற்றப்பட்ட சட்டம் அது! நலிந்தோரை வெறுப்புப் பேச்சிலிருந்து காக்க எழுதப்பட்ட பிரிவு, எழுத்தாளனைப் பிணையின்றி அடைக்கும் பூட்டாக மாறிற்று. சிலாபத்துக் கடைக்காரருக்கும் பொல்கஹவெலைச் சிறுகதையாசிரியருக்கும் இனமும் மதமும் வேறு. ஆட்சி அவர்களை நோக்கிய பார்வை ஒன்று. 2024ஆம் ஆண்டு சனவரி மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு வழங்கியது. தொழிற்சங்கங்களும் பத்திரிகையாளரும் அதனை எதிர்த்தமை வியப்பன்று. வதந்தியை ஒடுக்கவென்று ஆக்கப்படும் சட்டம் முதலில் ஒடுக்குவது விமரிசனத்தையே என்பது 1915 கற்பித்த பாடம்.

தமிழ்பேசும் நாம் அரசை நோக்கி மட்டும் விரல் நீட்டிவிட்டு நின்றுவிட இயலாது. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். சிலர் காட்டிக்கொடுக்கின்றனர் என்ற பேச்சு, ஒரு முழுச் சமூகத்தின் மீதும் தீர்ப்பாக இறங்கிற்று. அங்கே மொழிபெயர்ப்புப் பிழை எதுவும் இல்லை. இரு சாராரும் பேசியது ஒரே தமிழ். ஆகவே ஒரு மொழி பேசுவதால் மட்டும் நீதி பிறந்துவிடாது என்பதும் நாம் மறவாது கொள்ள வேண்டிய உண்மை. துரத்தப்பட்டோரிற் பெரும்பாலோருக்குப் புகலிடம் கொடுத்தது இந்தப் புத்தளம் மாவட்டமே. நீரும் நிலமும் வேலையும் ஏற்கெனவே போதாதிருந்த ஊர்களில், வந்தவருக்கும் இருந்தவருக்குமிடையே முறுமுறுப்பு எழாமல் இல்லை. எனினும் கல்பிட்டி முதல் மதுரங்குளி வரை பந்தல்களும் கிடுகுக் குடில்களும் எழுந்தன. பாடசாலைகள் பின்னேரங்களிலும் இயங்கின.

இதே கரையில் ஊர்ப்பேச்சு மக்களை இணைத்த நாட்களும் உண்டு. நுரைச்சோலையில் நிலக்கரி மின்நிலையம் அமைக்கும் திட்டம் 1990களில் வந்தபோது, மீனவரும் தோட்டக்காரரும் கத்தோலிக்கக் குருமாரும் ஒருங்கே எதிர்த்தனர். கடல் சூடேறினால் மீன் என்னாகும், சாம்பல் பறந்தால் வெங்காயப் பாத்தி என்னாகும் என்று அவர்கள் கேட்ட வினாக்களைப் படியாதவர் அச்சம் என்று கூறினர் நகரத்துப் பண்டிதர். திட்டம் சில காலம் நின்றது. 2006இல் வேலை தொடங்கி, 2011இல் முதற்பொறி இயங்கி, முடிவில் 900 மெகாவாட் நிலையமாயிற்று. சாம்பலைப் பற்றிய முறைப்பாடு அவ்வூர்களில் பின்னரும் ஓயவில்லை. நாட்டுக்கு மின்சாரம் தேவை என்பது உண்மை. அதன் சுமையை யார் தாங்குவது என்ற கேள்வியும் உண்மை. தொழில்நுட்பத்தைப் பற்றிய பாமரன் கருத்து அறியாமை அன்று. அது பெரும்பாலும் தன் தட்டிலிருந்து எழும் கணக்கு.

2017 ஏப்ரலில் கொழும்பு மீத்தொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தபின், தலைநகரின் குப்பையை இரயிலில் ஏற்றிப் புத்தளத்து அருவக்காட்டில் கொட்டும் திட்டம் வேகம் பெற்றது. 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புத்தளம் நகரில் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். முஸ்லிமும் சிங்களவரும் தமிழரும் ஒரே பந்தலில் அமர்ந்தனர்; பிக்குவும் மௌலவியும் குருவானவரும் ஒரே கோரிக்கையைப் பேசினர். அவர்களை அழைத்ததும் அதே கைத்தொலைபேசி, அதே முகநூல். எட்டு மாதம் கழியுமுன் அப்பொறியே சிலாபத்தில் தீயை மூட்டியதாகச் சொல்லப்பட்டது. பொறி ஒன்றுதான், பேசுபொருளும் பேசியோரின் உறவுமே வேறு. குப்பையைப் பற்றிப் பேசியபோது அவர்கள் அயலவர். மதத்தைப் பற்றிப் பேசியபோது பகைவர். இவ்வேறுபாட்டைக் காண மறுப்போர், முகநூலை மூடினால் அமைதி திரும்பும் என்று நம்புவர். 2019இல் அது பலமுறை மூடப்பட்டது. கொட்டாரமுல்லைத் தச்சர் உயிர் திரும்பவில்லை.

எனவே நாம் செய்யத்தக்கது யாது? இவ்வினா ஆசிரியரையும் மாணவரையும் நேரே சார்ந்தது. முதலாவது, இரண்டாம் தேசிய மொழி என்று நேரசூசியில் எழுதி, பரீட்சைக்கு வராத பாடமென ஒதுக்கப்படும் பாடத்தை உயிருள்ள பாடமாக்குதல் வேண்டும். சிங்களப் பிள்ளைக்குத் தமிழும், தமிழ் முஸ்லிம் பிள்ளைகளுக்குச் சிங்களமும், ஒரு பதிவைப் படித்து அதில் உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறியும் அளவுக்கேனும் வாய்க்க வேண்டும். பொலிஸ் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் மொழியறிந்தோர் இல்லாத வரை எந்தக் கவிஞனுக்கும் காப்பில்லை. இரண்டாவது, மொழி போதாது என்பதை 1990 காட்டிற்று. ஒருவர் சொல்லுக்கு அவர் இனம் முழுவதும் பொறுப்பு என்ற எண்ணத்தை, அது எந்த மொழியில் வந்தாலும், வகுப்பறையிலேயே எதிர்க்க வேண்டும். மூன்றாவது, ஒருவரின் கருத்து நமக்கு உடன்பாடில்லாதபோதும் அதனைச் சொல்லும் அவரது உரிமைக்காகச் சங்கங்கள் குரல் கொடுக்க வேண்டும். சத்குமாரவுக்காகச் சிங்கள எழுத்தாளர் எழுப்பிய குரலோடு தமிழ் எழுத்தாளரும், ஜஸீமுக்காகத் தமிழர் எழுப்பிய குரலோடு சிங்களவரும் இணைந்த அளவு சிறிது. அச்சிறிதைப் பெருக்குவதே பணி.

உழைப்போர் தம் கருத்தை அஞ்சாது பேசும் உரிமை எவராலும் இனாமாக அளிக்கப்பட்டதில்லை. இரவில் வாடியில் பேசப்படும் சொல் விடியுமுன் குற்றப்பத்திரமாகும் என்ற அச்சம் நிலவும் ஊரில், மீனவன் மீன்விலையைப் பற்றியும் வாய் திறவான். உப்பளத்துப் பெண் கூலியைப் பற்றியும் கேளாள். மதத்தின் பெயரால் அடக்கப்படும் வாய், கூலி கேட்கும் வாயும் ஆகும். புத்தளக் கரையின் வரலாறு நமக்குக் கூறுவது இதுவே: அயலவன் சொல்லைப் படிக்கக் கற்காத மக்களுக்காக, அச்சொல்லை ஆட்சியாளரே படித்துப் பொருள் கூறுவர், அப்பொருள் ஒருபோதும் மக்களுக்குச் சாதகமாக இராது.